கத்தோலிக்கப் பள்ளிக்குத் தலைமையேற்பவருக்கு: முதல் ஆண்டுக்கான முழுமையான வழிகாட்டி

மே மாதக் கடைசியில் ஆணை கைக்கு வரும். ஜூன் முதல் நீங்கள் தலைமையாசிரியர். சால்வை, பூங்கொத்து, பங்கு மக்களின் வாழ்த்து எல்லாம் இரண்டே நாளில் அடங்கிவிடும். அப்புறம் மேசையில் மிச்சமிருப்பவை இஎம்ஐஎஸ் (பள்ளி, மாணவர் விவரங்களுக்கான அரசுத் தளம்) பதிவேற்றம், உபரி ஆசிரியர் கணக்கு, உடைந்த கழிவறைக் குழாய், சேர்க்கைக்கான சிபாரிசுக் கடிதங்கள். இதில் விசுவாசத்துக்கு எங்கே இடம் என்று யாருக்கும் தோன்றும்.

மறைமாவட்டமோ துறவற சபையோ நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிக்கு முதன்முறையாகத் தலைமையேற்கும் பொதுநிலையினருக்காக, அதாவது குருவோ துறவியோ அல்லாத கத்தோலிக்கருக்காக, இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் அந்த நாற்காலியில் பெரும்பாலும் ஒரு ஃபாதரோ சிஸ்டரோ உட்கார்ந்திருப்பார். அங்கியைப் பார்த்தே மக்கள் பள்ளியின் அடையாளத்தைப் புரிந்துகொண்டார்கள். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் எடுக்கும் முடிவுகளை வைத்துத்தான் பள்ளியை எடைபோடுவார்கள். யாரைச் சேர்த்தீர்கள், யாரை வேலைக்கு எடுத்தீர்கள், பீஸ் கட்டாத பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். வாசலில் இருக்கும் மாதா கெபியைவிட இவையே பள்ளி யாருடையது என்பதை அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளும் அந்தக் கணக்கில்தான் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

படி 1: பள்ளி திறக்கும் முன் படிக்க வேண்டியவை

முதலில் உங்கள் பள்ளியின் சொந்தக் காகிதங்களைப் படியுங்கள். தொடக்க அனுமதி ஆணை, நிலப் பத்திரம், பழைய வருகைப் பதிவேடுகள், ஆண்டு மலர்கள் என்று கிடைப்பதையெல்லாம் எடுத்துப் பாருங்கள். பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பது அவற்றில் இருக்கும். மீனவர் பிள்ளைகளுக்காகவா, ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட சேரிப் பிள்ளைகளுக்காகவா, படிக்க வழியில்லாத பெண் பிள்ளைகளுக்காகவா? 1844-இல் புதுச்சேரியில் துய்ப்புய் அடிகளார் மரியாவின் மாசற்ற இதய சபையைத் தொடங்கியதே பெண் பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கத்தான். பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. உங்கள் பள்ளிக்கும் இப்படி ஒரு தொடக்கம் இருக்கும். ‘அந்தப் பிள்ளைகள் இன்று நம் வகுப்பறையில் இருக்கிறார்களா?’ என்று ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். ஆண்டு முழுவதும் உதவும்.

அடுத்து திருஅவை ஆவணங்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கை சிறியது, ஒரே மாலையில் படித்துவிடலாம். அதன் 9-ஆம் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பொருளில் ஏழைகள், குடும்பத்தின் அன்பும் துணையும் இல்லாதவர்கள், விசுவாசம் என்னும் கொடையை அறியாதவர்கள் ஆகியோர் மீது தனி அக்கறை காட்டச் சொல்கிறது அது. 1977-இல் உரோமைப் பேராயம் வெளியிட்ட ‘கத்தோலிக்கப் பள்ளி’ ஆவணம் இன்னும் கறாரானது. வசதியானவர்களுக்கு மட்டும் கதவைத் திறந்தால், அவர்களுடைய சலுகையைக் காப்பாற்றி, அநீதியான சமூகத்துக்கே துணைபோவதாகும் என்று எச்சரிக்கிறது.

பொதுநிலையினர் அவசியம் படிக்க வேண்டியது, பள்ளிகளில் பணிபுரியும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் பற்றி 1982-இல் வந்த ஆவணம். துறவிகள் எண்ணிக்கை குறைந்ததால்தான் நீங்கள் இந்த இடத்துக்கு வந்தீர்கள் என்று சிலர் நேரடியாகவோ ஜாடையாகவோ சொல்வார்கள். அதுவும் ஒரு காரணம்தான் என்பதை அந்த ஆவணம் மறைக்கவில்லை. ஆனால் அடிப்படைக் காரணம் இறையியல் சார்ந்தது, திருமுழுக்கு பெற்ற பொதுநிலையினருக்கே உரிய அழைத்தல் இது என்கிறது. ஆகவே யாருக்கும் மாற்றாள் என்ற நினைப்போடு அந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.

படி 2: தாளாளரோடு எல்லைகளைப் பேசி முடித்தல்

பங்குப் பள்ளியில் பங்குத்தந்தைதான் தாளாளர், அதாவது நிர்வாகத்தின் சார்பில் பள்ளிக்குப் பொறுப்பானவர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவருக்கு மாற்றல் வரும். தலைமையாசிரியர் அதே ஊரில் இருப்பார். புதிதாக வரும் ஃபாதருக்குப் பள்ளியைத் தெரியாது, ஹெச்.எம்.முக்கு எல்லாம் தெரியும். பாதிச் சண்டைகளுக்கு இந்த நிலைமைதான் விதை. ஒருவர் அதிகாரத்தைக் காட்டுவார், மற்றவர் தகவலை மறைப்பார்.

முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். நியமனம், சொத்து, கட்டடம், மறைமாவட்டத் தொடர்பு ஆகியவை தாளாளர் பக்கம். வகுப்பு, கால அட்டவணை, தேர்வு, மாணவர் ஒழுங்கு, ஆசிரியர் விடுப்பு ஆகியவை உங்கள் பக்கம். காசோலையில் யார் கையெழுத்து, கல்வி அலுவலருக்குப் போகும் கடிதத்தை யார் பார்த்த பிறகு அனுப்புவது என்பவற்றை எழுதி இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டத்துக்குப் பதிலாக 2018-இல் இயற்றப்பட்ட சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய பழக்கத்தில் ஓடும் கோப்புகளை அதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது இந்த வேலையோடு சேர்ந்ததுதான்.

வாரம் ஒரு நாள் அரை மணி நேரச் சந்திப்பு போதும். ஆனால் அதைத் தவறவிடக் கூடாது. முரண்பாடு வந்தால் ஆசிரியர் அறையில் வைத்துப் பேசாதீர்கள். “ஃபாதர், இதுல எனக்கு உடன்பாடு இல்ல. ஆனா முடிவு உங்களோடது, அதனால என் கருத்தை எழுத்துல கொடுத்துடுறேன்” என்று நேரில் சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லும் ஹெச்.எம்.மை நல்ல தாளாளர்கள் மதிக்கிறார்கள். மதிக்காதவர்களுக்கும் அந்தக் கடிதம் கோப்பில் இருந்துகொண்டே இருக்கும்.

படி 3: காலை வழிபாடும் மறைக்கல்வி வகுப்பும்

நம் பள்ளிகள் பலவற்றில் பெரும்பான்மைப் பிள்ளைகள் இந்துக்கள், இசுலாமியப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனவே முதலில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையை அரசமைப்பின் 30(1) பிரிவு தருகிறது. அதே அரசமைப்பின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிறுவனத்தில் படிக்கும் யாரையும் அவர் சம்மதமின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறச் செய்யக் கூடாது என்கிறது. சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதம் வேண்டும். முதல் பிரிவை நாம் மேடையில் அடிக்கடி சொல்கிறோம். இரண்டாவதை ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிக் கொடுப்பது அபூர்வம்.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2024-இல் பள்ளிகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலும் இதே திசையில்தான் இருக்கிறது. பிற சமய மாணவர்கள் மீது கிறிஸ்தவ மரபுகளைத் திணிக்க வேண்டாம், அரசமைப்பின் முகப்புரையைக் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் சொல்லட்டும், அதைப் பள்ளி வாசலில் எழுதி வையுங்கள், பல்சமய வழிபாட்டுக்கு ஓர் அறை ஒதுக்குங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நெருக்கடி காலத்தில் பயந்துபோய் எழுதியது என்று சிலர் முணுமுணுத்தார்கள். பயத்தால் வந்ததோ இல்லையோ, சொன்ன விஷயம் சரியானது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். தமிழ்த்தாய் வாழ்த்துக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்லக்கூடிய செபம் ஒன்று: ‘எல்லாம் வல்ல இறைவா’ என்று தொடங்கி, அன்றைய நாளுக்கு நன்றி சொல்லி, உடம்பு சரியில்லாத பிள்ளைகளை நினைத்து முடிப்பது. அதற்குப் பிறகு குறள், செய்தி, முகப்புரை. சிலுவை அடையாளம் போடுகிறவர்கள் போடட்டும். பக்கத்தில் முக்காடு போட்ட பிள்ளை கைகட்டி நின்றால் உடற்கல்வி ஆசிரியர் அவளைப் பார்த்து “கையைக் கூப்பு” என்று அதட்டக் கூடாது. சின்ன விஷயம்தான். ஆனால் பெற்றோர் பள்ளியை நினைவில் வைத்திருப்பது இப்படிப்பட்ட ஒரு அதட்டலை வைத்துத்தான்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பு என்று கால அட்டவணையில் இருக்கும். பல பள்ளிகளில் நன்னெறி வகுப்பு கணக்கு ஆசிரியர் போர்ஷன் முடிக்கும் நேரமாக மாறிவிட்டது. மறைக்கல்வியும் வினா-விடையை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் மீட்க வேண்டும். மறைக்கல்விக்கு விருப்பமுள்ள ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள், பணி குறைவாக இருக்கும் ஆசிரியர் தலையில் கட்டாதீர்கள். நன்னெறி வகுப்புக்கு மாதம் ஒரு தலைப்பு கொடுங்கள்: பணம், கோபம், செல்போன், சாவு, சாதி என்று பிள்ளைகள் உண்மையில் பேச விரும்புகிறவை.

முதல் வெள்ளித் திருப்பலிக்குக் கத்தோலிக்கப் பிள்ளைகள் கோயிலுக்குப் போகும்போது மற்றவர்களை வகுப்பில் சும்மா உட்கார வைப்பதும் தவறான பாடம்தான். அந்த நேரத்தை நூலகத்துக்குக் கொடுங்கள்.

படி 4: சேர்க்கை, கட்டணம், சாதி

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

ஜூன் முதல் வாரம் அலுவலக வராந்தாவைக் கவனியுங்கள். கார் சாவியைக் கையில் சுழற்றியபடி நிற்பவரை எழுத்தர் உள்ளே அனுப்புவார். மாற்றுச் சான்றிதழ் நகலைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்துக்கொண்டு காலையிலிருந்து தூணோரம் நிற்கும் அம்மாவிடம் “சீட் முடிஞ்சிருச்சும்மா” என்பார். அதை அவர் வேண்டுமென்று செய்வதில்லை. ஆண்டுக்கணக்காக அப்படித்தான் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். வரிசை எண் கொடுத்து அந்த வரிசைப்படி பெற்றோரை நீங்களே நேரில் பாருங்கள். முதல் ஆண்டில் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். செலவு ஒன்றும் கிடையாது.

சேர்க்கை முன்னுரிமையை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பங்கைச் சேர்ந்த ஏழைக் குடும்பங்கள், தாயோ தந்தையோ இல்லாத பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள், அக்கா அண்ணன் இங்கே படிக்கிறவர்கள் என்று உங்கள் ஊருக்கு ஏற்றபடி வரிசை அமையட்டும். எழுதி ஒட்டிவிட்டால் சிபாரிசுகள் பாதியாகும். பங்குப் பேரவை உறுப்பினர் ஒரு கட்டுப் பெயரோடு வந்தால் பலகையைக் காட்டினால் போதும். ஆங்கில வழிப் பிரிவுக்குக் கட்டணம் வாங்குகிறீர்கள் என்றால், அதில் எத்தனை பிள்ளைகளுக்குச் சலுகை, யார் முடிவு செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள். பீஸ் பாக்கிக்காக ஒரு பிள்ளையின் பெயரை வகுப்பில் வாசிப்பதை முதல் நாளே நிறுத்துங்கள். பாக்கி பெற்றோரோடு பேச வேண்டிய விஷயம்.

இனி சாதி. கிறிஸ்தவப் பள்ளியில் சாதி இல்லை என்று ஆண்டு விழாவில் சொல்லிக்கொள்ளலாம். கல்லறையிலும் தேர்பவனியிலும் சாதி பார்க்கும் ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் அதைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. இந்திய ஆயர் பேரவையே 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது, திருஅவைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதி வண்ணக் கயிறுக்குத் தடை அதில் முக்கியமான பரிந்துரை. அது அரசுப் பள்ளிகளுக்குத்தான் என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை எளிமையானவைதான். இருக்கை வரிசையை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் தெரியும்படி வைக்காதீர்கள். உதவித்தொகை விவரத்தை வகுப்பில் கேட்காமல் அலுவலகத்தில் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள். “எஸ்சி பிள்ளைங்க எல்லாம் எழுந்திருங்க” என்ற குரல் இன்றும் வகுப்பறைகளில் கேட்கிறது. அது உங்கள் பள்ளியில் கேட்கக் கூடாது. கயிறு விஷயத்தில் பிள்ளையை மிரட்டிக் கயிற்றை அறுப்பதைவிடப் பெற்றோரை அழைத்துப் பேசுவது பலன் தரும். ஆசிரியர்களுக்குள் சாதிக் குழு இருந்தால் அதைக் கலைப்பதுதான் முதல் வேலை. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. தலித் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் பட்டியல் சாதி நிலை கிடையாது, தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆனாலும் மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடருக்கு மாநில அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. பிசி என்று சான்றிதழில் இருப்பதைப் பார்த்து எழுத்தர் அந்த விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவது நடக்கிறது. உங்கள் பள்ளியில் தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளையும் விண்ணப்பித்துவிட்டதா என்று பெயர்ப் பட்டியலை வைத்து நீங்களே சரிபாருங்கள். அந்தப் பட்டியலோடு கழியும் ஒரு மதியம் எந்தப் பக்தி முயற்சிக்கும் குறைந்ததல்ல.

படி 5: ஆசிரியர் நியமனம்

காலிப் பணியிடம் வந்ததும் ஊருக்குள் ஒரு தொகை பேசப்படும். உண்மையாகவும் இருக்கலாம், புரளியாகவும் இருக்கலாம். நான் அறிந்த ஒரு பள்ளியில் நேர்காணல் தேதி அறிவிக்கும் முன்பே யாருக்கு வேலை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். பேசியபடியே நடந்தது. அந்த ஆசிரியர் நல்லவராகவே இருந்தாலும் அவர் எடுக்கும் நன்னெறி வகுப்பை எந்தப் பிள்ளை நம்பும்?

நியமன அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது தெரியும். ஆனால் வகுப்பு எடுத்துக்காட்டச் சொல்வதும் மதிப்பெண் தாளில் கையெழுத்திடுவதும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. விண்ணப்பதாரர் எல்லாரும் பிள்ளைகள் முன்னால் ஒரு பாடம் நடத்தட்டும், மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போடட்டும், அந்தத் தாள்கள் கோப்பில் இருக்கட்டும். பணம் வாங்க நினைப்பவருக்கு அந்தத் தாள்கள் பெரிய தொந்தரவு.

கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்கள் சரியான போதனையிலும் நேர்மையான வாழ்விலும் சிறந்திருக்க வேண்டும் என்று திருஅவைச் சட்டம் 803 சொல்கிறது. இதைக் கத்தோலிக்கர்களை மட்டுமே எடுக்க வேண்டும் என்று சுருக்கிவிடக் கூடாது. பள்ளியின் நோக்கத்தைப் புரிந்து, அதன்படி நடக்கும் இந்து ஆசிரியர்கள் நம் பள்ளிகளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். பாடத்தோடு பிள்ளைகளையும் நேசிக்கிறாரா என்று பாருங்கள்.

டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு விவகாரத்தில் கவனம் தேவை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வைக் கட்டாயமாக்கியபோது, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. தீர்ப்பு எப்படி வந்தாலும், இனி எடுப்பவர்களில் டெட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

நிர்வாகம் சம்பளம் தரும் ஆசிரியர்களையும் மறக்காதீர்கள். அரசுச் சம்பளம் வாங்குபவருக்குப் பக்கத்து வகுப்பில், அதே வேலைக்கு மிகக் குறைந்த தொகையில் ஒருவர் நிற்கிறார். உழைப்புக்கு நீதியான கூலி என்பது திருஅவையின் சமூகப் போதனை. அந்தப் போதனையைப் பாடமாக நடத்துவதற்கு முன், இருக்கும் நிதியில் அவர்கள் சம்பளத்தை எவ்வளவு உயர்த்த முடியும் என்று தாளாளரோடு கணக்குப் போடுங்கள்.

படி 6: ஆசிரியர்களை உருவாக்குதல்

ஆண்டுக்கு ஒருமுறை தியானம் வைத்து, ஒரு போதகரை அழைத்து, பிரியாணி போட்டு முடித்துவிட்டால் போதாது. மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள்: ஏன் தூங்குகிறான், வீட்டில் யார் இருக்கிறார்கள், யாரிடம் மனம் விட்டுப் பேசுகிறான்.

சலேசிய சபைத் துறவிகள் 1906-இல் தஞ்சாவூரில் வந்து இறங்கியபோது கொண்டுவந்த, அவர்கள் சபை நிறுவனர் தொன் போஸ்கோவின் முன்தடுப்பு முறைக்கு மூன்று தூண்கள்: பகுத்தறிவு, சமயம், கனிவன்பு. தப்பு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, தப்பு நடக்காதபடி பிள்ளைகள் நடுவே ஆசிரியர் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இடைவேளையில் ஆசிரியர் அறையில் டீயோடு உட்காராமல் மைதானத்தில் நிற்பதுதான் அதன் நடைமுறை வடிவம். முதலில் நீங்கள் போய் நில்லுங்கள். ஆணை போட்டால் யாரும் வர மாட்டார்கள். நீங்கள் நிற்பதைப் பார்த்தால் இரண்டு பேர் வருவார்கள்.

படி 7: பிள்ளைகளின் பாதுகாப்பு

இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. பாலியல் தொந்தரவு பற்றிப் புகாரோ சந்தேகமோ வந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு 21-ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. “முதலில் ஃபாதரிடம் சொல்லி, ஆயர் இல்லத்தில் கேட்டுவிட்டு” என்ற வரிசை சட்டத்தில் கிடையாது. தாளாளருக்குத் தகவல் சொல்லுங்கள், அனுமதி கேட்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவர் குருவாக இருந்தாலும் இதேதான். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்கக் கூடாது. பெயர் வெளியே போகக் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098 ஒவ்வொரு வகுப்பறையிலும், கழிவறைக் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் தனியாக இருந்து படிக்க முடிகிற இடம் அதுதான்.

பிரம்பையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அடித்துத் திருத்தினோம் என்று பெருமைப்படும் பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்து பேசுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், பிரம்பை மட்டும் அலமாரியில் வைக்காதீர்கள்.

படி 8: உங்கள் சொந்தச் செபம்

கடைசியில் வைத்ததால் முக்கியமில்லை என்று பொருளில்லை. நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொல்லிக்கொடுத்த ஆன்மச் சோதனை ஹெச்.எம். வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். மாலையில் பள்ளி காலியானதும் பத்து நிமிடம் உட்காருங்கள். நன்றி சொல்லுங்கள், ஒளி கேளுங்கள், காலையிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள், வருந்த வேண்டியதற்கு வருந்துங்கள், நாளைக்கு ஒன்றைத் தீர்மானியுங்கள். அந்தத் தீர்மானம் குறிப்பானதாக இருக்கட்டும்: ‘ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் இன்று திட்டிய பையனிடம் நாளை முதல் மணிக்கு முன் பேச வேண்டும்’ என்பது போல.

படி 9: ஏப்ரலில் செய்ய வேண்டியது

தேர்ச்சி விழுக்காடு வரும் முன்பே ஒரு கணக்கு எடுங்கள். இந்த ஆண்டு இடைநின்ற பிள்ளைகள் யார் யார்? பெயர், வகுப்பு, காரணம், கடைசியாக வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர் யார் என்று நான்கு பத்தியாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கி, மே மாதத்துக்குள் அந்த வீட்டுக்குப் போய்வரச் சொல்லுங்கள். பங்கில் அன்பியங்கள் (அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுக்கள்) இருந்தால் அந்தத் தெருவின் பொறுப்பாளரையும் கூட அழைத்துப் போகலாம், வீடு கண்டுபிடிக்கவும் சுலபம். பட்டியலில் ஒரு பிரதி தாளாளருக்கு, ஒன்று உங்களுக்கு அடுத்து வரப்போகும் ஹெச்.எம்.முக்கான கோப்பில்.